வாசகர் கேள்வி: குரூப்பை விட்டுப் போகலாமா?

இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே விஷயம்தான், தேயிலைத் தோட்டத்து ஆட்களின் வட்ஸ்அப் குரூப். ஒருவர் அதை விட்டு ஓடப் பார்க்கிறார், இன்னொருவர் அதிலிருந்து யாரையோ விரட்டப் பார்க்கிறார், ஒரு டீச்சர் அது இல்லாவிட்டால் புயல் நேரத்தில் நாங்கள் என்ன ஆகியிருப்போம் என்கிறார். அதனால் சமையல், சாதகக் கேள்விகளை எல்லாம் அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டேன், கோபிக்க வேண்டாம். பெயரும் தோட்டமும் போடாதீர்கள் என்று பலர் கேட்டிருந்ததால் ஊரை மட்டும் வைத்திருக்கிறேன்.

கேள்வி (மஸ்கெலியா): கொழும்பில் ஒரு புடவைக்கடையில் நிற்கிறேன். எங்கள் தோட்டத்து டிவிசன் குரூப்பில் விடிய ஐந்து மணிக்கே குட் மோர்னிங் படங்கள் தொடங்கிவிடும். பிறகு சாமிப் படம், பிறகு யாராவது யாரையாவது நக்கலடிப்பது, இரவு பதினொரு மணிக்கு இரண்டு பேர் கட்சிச் சண்டை. போன் கத்தும்போதெல்லாம் முதலாளி முறைக்கிறார். விலகினால், "கொழும்புக்குப் போனதும் பெரிய ஆளாகிட்டான்" என்பார்கள். என்ன செய்ய?

பதில்: விலகாதீர்கள் தம்பி, சத்தத்தை மட்டும் மூடுங்கள். மியூட் செய்யப் போனால் எட்டு மணி நேரம், ஒரு வாரம், எப்போதும் என்று மூன்று கேட்கும். 'எப்போதும்' என்பதை அழுத்துங்கள், ஒருவருக்கும் தெரியாது. இரவு சாப்பிட்டுவிட்டு ஒரு தடவை ஓட்டிப் பார்த்தால் போதும். குட் மோர்னிங் படத்தைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை. ரோஜாப்பூவும் ஆவி பறக்கும் கோப்பையும் போட்டு அதை அனுப்புகிற பெரியப்பாவுக்கு உங்களிடம் சொல்ல வேறு செய்தி ஒன்றும் இல்லை. எழும்பிவிட்டேன், இருக்கிறேன் என்கிறார், அவ்வளவுதான். எப்போதாவது ஒரு நாள் நீங்களும் ஒரு பூவை அனுப்பி வையுங்கள், செலவில்லை. கட்சிச் சண்டைக்குப் பதில் போடாதீர்கள், அதிலும் முதலாளி பக்கத்தில் நிற்கும்போது.

கேள்வி (தலவாக்கலை): நான் தேயிலைக் கொழுந்து எடுப்பவள். வெளியூரில் இருக்கும் எங்கள் பிள்ளைகள் குரூப்பில், "இந்தச் சம்பளத்துக்கு இன்னும் மலையேறுறீங்களா, விட்டுட்டு வாங்க" என்று எழுதினார்கள். எனக்குக் கோபம் வந்து, "உன் அம்மா எடுத்த கொழுந்துலதான்டா நீ படிச்ச" என்று நீளமாக ஒரு வொய்ஸ் போட்டேன். அட்மின் அதை அழித்துவிட்டு, "இங்கே அரசியல் வேண்டாம்" என்கிறார். சம்பளம் அரசியலா?

பதில்: அரசியல்தான் அக்கா. அதனால்தான் பேச வேண்டும். உங்கள் வொய்ஸில் இருந்த அந்த வரி கோபத்தில் வந்தது, ஆனால் பொய் இல்லையே. அட்மின் அவசரப்பட்டுவிட்டார். கோவில் திருவிழாப் படமும் பிறந்தநாள் வாழ்த்தும் மட்டும்தான் போடலாம் என்றால் அந்தக் குரூப்பில் இருந்து என்ன பிரயோசனம்?

சரி, பிள்ளைகள் சொன்னதையும் பார்ப்போம், அவர்கள் சும்மா சொல்லவில்லை. நாளுக்கு 1000 ரூபா என்று வருசக்கணக்காகக் கேட்டு அது கைக்கு வந்தது 2021 மார்ச்சில். 2024 செப்டெம்பரில் அடிப்படைச் சம்பளம் 1350 ஆனது. 2026ஆம் ஆண்டு வரவு செலவுத் திட்டத்தில் அதை 1550 ஆக்கி, வேலைக்கு வரும் நாளுக்கு அரசாங்கம் 200 சேர்த்து 1750 என்று அறிவித்தார்கள். அரிசி, மா, பிள்ளையின் பஸ் காசு எல்லாம் இதற்கிடையில் எங்கே போய் நிற்கிறது என்பது உங்களுக்குத் தெரியும். அப்புறம் கிலோக் கணக்கு. 18 கிலோ என்று இருந்தது, 20 கேட்கிற தோட்டமும் உண்டு, கொழுந்து இல்லாத மாதத்தில் மடித்துக் கட்டிக்கொண்டு எந்த மலையில் நின்றாலும் அது சேராது, அரைப்பேர், அதாவது அரை நாள் சம்பளம்தான் விழும். இதை எல்லாம் பார்த்து வளர்ந்த பிள்ளை "விட்டுட்டு வாங்க" என்று சொல்வதில் ஆச்சரியம் என்ன இருக்கிறது?

ஆனால் அப்படி எழுதுகிறவர், நீங்கள் இருக்கும் வரிசை வீட்டுக் காம்பராவை எங்கே தூக்கிக்கொண்டு வருவது என்று எழுதுவதில்லை. லயத்துக் காம்பரா தோட்டத்துடையது, உங்கள் பெயரில் காணி உறுதி இல்லை. வேலையை விட்டால் இருப்பிடத்துக்கே பேச்சு வரும். அவரிடம் இன்னொன்றும் கேளுங்கள், கோபமாக வேண்டாம், சாதாரணமாகவே கேளுங்கள்: தம்பி, உனக்கு ஈபிஎஃப், அதாவது ஊழியர் சேமலாப நிதி கட்டுகிறார்களா? உங்களுக்கு அடிப்படைச் சம்பளத்தில் 8 சதவீதம் பிடிக்கிறார்கள், அது 1550 என்றால் 124 ரூபா, தோட்டம் 12 சதவீதம், 186 ரூபா போட வேண்டும். கடையிலும் ஹோட்டலிலும் நிற்கிற நம் பிள்ளைகளில் எத்தனையோ பேர் கையில் வாங்குவதை மட்டும் சம்பளம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள், வருசங்கள் போன பிறகுதான் தன் பெயரில் ஒரு சதமும் இல்லை என்று தெரிய வருகிறது. இப்படி ஒரு பேச்சு உங்கள் குரூப்பில் நடந்தால் இரண்டு பக்கத்துக்கும் லாபம். அட்மினிடம் இதைச் சொல்லுங்கள். வொய்ஸை மட்டும் இரண்டு நிமிடத்துக்குள் முடித்துவிடுங்கள் அக்கா. ஏழு நிமிட வொய்ஸை உங்கள் பக்கத்து ஆட்களே கேட்க மாட்டார்கள்.

கேள்வி (பசறை): நான் பாடசாலையில் படிப்பிக்கிறேன். 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் வந்தபோது எங்கள் குரூப்தான் கைகொடுத்தது. கரண்ட் இல்லை, சிக்னல் வருவதும் போவதுமாக இருந்தது. பாடசாலையில் வந்து தங்கியவர்களின் பெயர்களைக் கொப்பியில் எழுதிப் படம் எடுத்து வைத்திருந்து, சிக்னல் கிடைத்த நேரத்தில் போட்டோம். கட்டாரிலும் கொழும்பிலும் இருந்த பிள்ளைகள் அதைப் பார்த்த பிறகுதான் மூச்சு விட்டார்கள். ஆனால் அதே குரூப்பில், "இப்ப அணை உடைஞ்சிருச்சு, மேல ஓடுங்க" என்று ஒரு வொய்ஸ் வந்து கொஞ்சப் பேர் இருட்டில் மேட்டுக்கு ஓடினார்கள். மேட்டுப் பக்கத்தில்தான் மண் சரிந்துகொண்டிருந்தது. நல்ல காலம், ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அனுப்பியவர், "நல்லதுக்குத்தானே அனுப்பினேன்" என்கிறார். இப்போது அவரோடு யாரும் பேசுவதில்லை. அடுத்த மழைக்கு நாங்கள் என்ன செய்து வைக்க வேண்டும்?

பதில்: டீச்சர், நீங்கள் போட்ட கொப்பிப் படத்தையும் அந்த வொய்ஸையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கொப்பியில் யார், எங்கே என்று இருந்தது. மேலே திகதியும் நேரமும் போட்டிருப்பீர்கள், டீச்சர்மாருக்கு அது பழக்கம். வொய்ஸில் எந்த அணை என்று இல்லை, பார்த்தது யார் என்று இல்லை. 'இப்ப' என்று மட்டும் இருந்தது. 'இப்ப' என்று சொல்லும் வொய்ஸை மூன்று நாள் கழித்துக் கேட்டாலும் அது 'இப்ப' என்றுதான் சொல்லும். ஆகவே மழைக்காலத்துக்கு ஒரே ஒரு சட்டம் போடுங்கள்: இடம், நேரம், கண்ணால் பார்த்தவர் பெயர் மூன்றும் இல்லாத எதையும் குரூப்பில் போடக்கூடாது. மெசேஜுக்கு மேலே இரட்டை அம்புக்குறி இருந்தால் அது பல கை மாறி வந்தது என்று அர்த்தம், அதை அங்கேயே விட்டுவிடுங்கள். சந்தேகம் இருந்தால் அனர்த்த முகாமைத்துவ நிலையத்துக்கு 117ஐ அழுத்திக் கேட்கலாம்.

மண்சரிவு எச்சரிக்கை தருவது தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம். மூன்று நிறத்தில் தருவார்கள். மஞ்சள் என்றால் கவனமாக இருங்கள், செம்மஞ்சள் என்றால் மூட்டையைக் கட்டி வெளிக்கிடத் தயாராக இருங்கள், சிவப்பு என்றால் வெளியேறுங்கள். அவர்கள் மழையை அளக்கும் கணக்கும் ஏறக்குறைய இதேதான். 24 மணித்தியாலத்தில் 75 மில்லிமீற்றர் தாண்டினால் விழித்திருக்க வேண்டும், 150 தாண்டினால் ஆபத்தான சரிவில் ஒருவரும் இருக்கக்கூடாது. இதற்குப் பெரிய கருவி தேவையில்லை. மேலிருந்து கீழ் வரை ஒரே அகலமான தகரப் பேணி ஒன்றை, கூரைத் தண்ணீரும் மரத்துத் தண்ணீரும் விழாத வெளியில் வையுங்கள். காலையில் அடிமட்டத்தை உள்ளே விட்டு எத்தனை மில்லிமீற்றர் என்று பார்த்துவிட்டு ஊற்றிவிடுங்கள். தோட்டத்தின் மேல்கணக்கில், அதாவது மேல் பிரிவில் ஒன்று, கீழ்கணக்கில் ஒன்று. குரூப்பில், "மேல்கணக்கு, காலை ஆறு மணி, 62" என்று ஒரு வரி வந்தால் அதைப் பார்த்து யாரும் இருட்டில் ஓட மாட்டார்கள், ஆனால் பாட்டியின் மருந்தையும் அடையாள அட்டைகளையும் ஒரு பையில் போட்டு வைப்பார்கள். பேணிக் கணக்கு நமக்கு ஒரு துணைதான், சிவப்பு அறிவித்துவிட்டால் பேணியில் எவ்வளவு இருக்கிறது என்று பார்த்துக்கொண்டு நிற்கக்கூடாது.

கண்ணால் பார்க்க வேண்டியவை வேறு. நிலத்திலும் சுவரிலும் புதிதாக வெடிப்பு, நேற்று வரை மூடிய கதவு இன்று இறுகுவது, மரமோ கரண்ட் கம்பமோ சாய்வது, புது ஊற்று கிளம்புவது, பீலித் தண்ணீர் திடீரென்று கலங்கலாக வருவது அல்லது நின்றே போவது. இதில் ஒன்றைப் பார்த்தாலும் படம் எடுத்து இடம், நேரம், பெயரோடு போடுங்கள், வேறு எழுத்து வேண்டாம். பிறகு சிவப்புக்குக் காத்திருக்காமல் வெளிக்கிடுங்கள். கொஸ்லந்தை மீரியாபெத்தையில் 2014 அக்டோபர் 29 காலையில் லயங்கள் மண்ணுக்குள் போனபோது, அந்த இடம் ஆபத்தானது என்று அதற்கு வருசக்கணக்குக்கு முன்பே சொல்லப்பட்டிருந்தது. சொன்னது மட்டும் போதாது, போக ஒரு இடமும் வேண்டும் என்பது நம் ஆட்கள் இன்று வரை கேட்டுக்கொண்டிருக்கும் விஷயம். அதைக் குரூப்பால் தீர்க்க முடியாது, பிரதேச செயலகத்திடமும் தோட்டத்திடமும் எழுத்தில் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டியது.

அப்புறம் அந்த மனிதர். அவரோடு பேசுங்கள். அனுப்பியது பிழை என்று குரூப்பிலேயே ஒரு தடவை தெளிவாகச் சொல்லிவிட்டு, மேல்கணக்குப் பேணியை அவரிடம் கொடுத்துவிடுங்கள். இனி அவர் ஒவ்வொரு நாளும் காலை எழும்பி எண்ணைப் பார்த்து எழுத வேண்டியவர்.

கேள்வி (ஹட்டன்): நான் ஒரு குரூப் அட்மின். சிறுநீரக நோயாளி ஒருவருக்குக் காசு சேர்த்தோம். எல்லாம் என் கணக்குக்கு வந்தது, அப்படியே அந்த வீட்டில் கொடுத்துவிட்டேன். இப்போது நான் புது போன் வாங்கியதும், "எந்தக் காசுல?" என்று நக்கல் தொடங்கிவிட்டது. மனம் விட்டுப்போச்சு. இனி யாருக்கும் உதவி செய்வதில்லை என்று இருக்கிறேன்.

பதில்: நான் நம்புகிறேன் தம்பி, ஆனால் நான் நம்பி என்ன? சாவு வீட்டுக்கு உதவும் உங்கள் தோட்டத்து மரணாதார சங்கத்துக் கொப்பியைப் பாருங்கள். அங்கே பொருளாளர் சொந்தத் தம்பியாக இருந்தாலும் கூட்டத்தில் கணக்கை வாசிக்க வேண்டும், யாரும் அதை அவமானமாக நினைப்பதில்லை. நீங்கள் வாசிக்கவில்லை, அவ்வளவுதான் குறை. இன்றைக்கே வங்கிக் கணக்கில் அந்த நாட்களுக்குரிய வரிகளை எடுத்து, கொடுத்ததற்கு அந்த வீட்டாரிடம் ஒரு கையெழுத்தும் வாங்கிக் குரூப்பில் போடுங்கள். கூடவே மனவருத்தம், துரோகம் என்று ஒரு பக்கம் எழுதாதீர்கள். கணக்கு மட்டும் போதும்.

அடுத்த தடவை இரண்டு பேர் பெயரில் சேருங்கள், முடிக்கும் திகதியை முதலிலேயே சொல்லுங்கள். எதற்குக் காசு என்றும் எழுதுங்கள். அரசாங்க ஆஸ்பத்திரியில் வைத்தியம் இலவசம். காசு போவது கண்டிக்குப் போய்வரும் செலவுக்கும், கூட நிற்பவரின் சாப்பாட்டுக்கும், வெளியில் செய்யச் சொல்லும் பரிசோதனைக்கும்தான். அதைப் பிரித்து எழுதினால் ஆயிரம் கொடுக்க முடியாதவர், "வான் செலவை நான் பார்க்கிறேன்" என்று வருவார். கட்டிலில் கிடப்பவரின் முகத்தைப் படம் எடுத்துப் போடாமலே இதெல்லாம் நடக்கும். நக்கலடித்தவர் எவ்வளவு போட்டார் என்று கணக்கில் தெரிந்துவிடும், அதை நீங்கள் சொல்ல வேண்டாம், மற்றவர்கள் பார்த்துக்கொள்வார்கள்.

கேள்வி (நுவரெலியா): அக்காவின் கல்யாணப் படத்தில் இருந்து என் முகத்தை மட்டும் வெட்டி ஸ்டிக்கர் செய்து பொடியன்மார் அனுப்பிக்கொண்டு இருக்கிறார்கள். கேட்டால், "சும்மா ஜோக்குத்தானே" என்கிறார்கள். பெரியவர்களும் சிரிக்கிறார்கள்.

பதில்: நீங்கள் சிரிக்கவில்லையே தங்கச்சி, அப்போது அது ஜோக் இல்லை. அட்மினுக்கு ஒரே வரியில் எழுதுங்கள்: என் படம், எனக்கு விருப்பமில்லை, இன்றைக்கே எடுக்க வேண்டும். எடுக்கச் சொல்வதற்கு முன் யார் எப்போது அனுப்பினார் என்பது தெரியும்படி ஸ்கிரீன்ஷொட் எடுத்து வையுங்கள். எடுக்காவிட்டாலோ, படத்தை அசிங்கமாக மாற்றினாலோ வீட்டில் சொல்ல வெட்கப்பட்டு உள்ளுக்குள் வைத்திருக்காதீர்கள். பெண்களுக்கான உதவி இலக்கம் 1938, இணையத் தொல்லைகளுக்குக் கணினி அவசர உதவி அமைப்பான இலங்கை சேர்ட்டின் 101. பொலிஸிலும் முறைப்பாடு கொடுக்கலாம். சிரித்த பெரியவர்களுக்கு: உங்கள் வீட்டிலும் கல்யாண அல்பம் இருக்கிறது.

கேள்வி (மாத்தளை): பிள்ளைகள் தமிழை இங்கிலீஷ் எழுத்தில் எழுதுகிறார்கள். எனக்கு வாசிக்கத் தெரியவில்லை.

பதில்: அவர்களையே கூப்பிட்டு உங்கள் போனில் தமிழ் கீபோர்டைப் போட்டுத் தரச் சொல்லுங்கள் ஐயா. போட்டுக் கொடுத்தவரின் போனிலும் அதே நேரம் போடச் சொல்லுங்கள்.

கேள்வி (கண்டி): இந்தியா, இலங்கை மேட்ச் என்றால் எங்கள் குரூப் இரண்டாகிவிடும். அப்பா இந்தியா, நான் இலங்கை. போன தடவை ஒருவர் தோற்ற கோபத்தில், "அப்படின்னா இந்தியாவுக்கே போங்க" என்று எழுதப்போய் பெரிய ரகளை. அட்மின் இனி மேட்ச் நாளில் குரூப்பைப் பூட்டப் போகிறாராம். நியாயமா?

பதில்: மேட்ச் நாளில் பூட்டிய குரூப்பை வைத்து என்ன செய்வது? அப்பா 2011 மும்பை இறுதியாட்டத்தில் தோனி அடித்த கடைசி சிக்ஸரைச் சொல்வார். நீங்கள் 1996 கொல்கத்தா அரையிறுதியைச் சொல்லுங்கள். அதற்கும் அடங்காவிட்டால், கண்டிக்காரர் முரளி 800ஆவது டெஸ்ட் விக்கெட்டை 2010இல் காலியில் எடுத்ததே இந்தியாவுக்கு எதிராகத்தான் என்று போடுங்கள். முரளியை அப்பாவும் விட்டுக்கொடுக்க மாட்டார், அதோடு தேத்தண்ணி குடிக்கப் போய்விடலாம்.

ஆனால் அந்த ஒரு வரிக்கு வந்த கோபம் கிரிக்கெட் கோபம் இல்லை. 1948இல் குடியுரிமைச் சட்டம் வந்து நம் ஆட்கள் நாடற்றவர்கள் ஆனார்கள். 1964இல் இரு நாட்டுப் பிரதமர்கள் செய்த சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தத்தில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று ஆட்களைப் பிரித்து எழுதினார்கள். மலையிலிருந்து ரயிலேறித் தலைமன்னார் போய்க் கப்பல் ஏறியவர்கள் நம் பெரியம்மாவும் சித்தப்பாவும்தான். ஒரே வீட்டில் அண்ணன் அங்கே, தங்கச்சி இங்கே. மிச்சம் இருந்த நாடற்றவர்களுக்குக் குடியுரிமை கொடுக்க 2003இல் இன்னொரு சட்டம் வர வேண்டியிருந்தது. அப்பாவின் வயதில் இருப்பவர் "போங்க" என்ற சொல்லை வேறு இடங்களிலும் கேட்டிருப்பார். இந்திய விக்கெட் விழுந்ததுக்கு யார் எப்படிக் கூத்தாடினாலும் சரி, அந்த வரியை மட்டும் யாரும் போடக்கூடாது என்று அட்மின் எழுதிவைக்கட்டும். பூட்டு வேண்டாம். எழுதியவர் சின்னப் பிள்ளையாக இருந்தால் ஏன் கோபம் வந்தது என்றே தெரிந்திருக்காது. தாத்தா யாராவது இருந்தால் தலைமன்னார் கதையை ஒரு வொய்ஸில் போடச் சொல்லுங்கள். அதற்கு இரண்டு நிமிடக் கட்டுப்பாடு இல்லை.

கேள்வி (பண்டாரவளை): தண்ணீர் லைன் சண்டையில் என் மச்சான் குரூப்பை விட்டுப் போய்விட்டார். லிங்க் அனுப்பிக் கூப்பிடலாமா?

பதில்: லிங்க் வேண்டாம், நேரில் போங்கள். தண்ணீர் யாருக்கு எத்தனை மணிக்கு என்று முதலில் பேசி முடியுங்கள், குரூப் பேச்சைப் பிறகு எடுக்கலாம். அவர் போனதற்கு அறிவிப்பு அட்மின்மாருக்கு மட்டும்தான் போயிருக்கும், ஆனால் திரும்பச் சேர்க்கும்போது எல்லோருக்கும் தெரியும். ஆகவே சேர்ப்பதற்கு முதல் நாளே, மாலை போடுகிற படம், கைதட்டுகிற படம் ஒன்றும் வேண்டாம் என்று குரூப்பில் வாய் கூடிய அந்த இரண்டு மூன்று பேரிடம் சொல்லி வையுங்கள். யார் என்று உங்களுக்கே தெரியும்.